மாண்டவர் பெயரால் ஓடும் ஓட்டம்

ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று கானடா தேசத்தின் பட்டணங்களிலும் சிற்றூர்களிலும் ஜனங்கள் திரள் திரளாகத் தெருவில் இறங்கி ஓடுகிறார்கள். ஓட முடியாத கிழவர்கள் நடக்கிறார்கள். நடக்க முடியாத குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். பலருடைய சட்டையில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். ‘இன்னாருக்காக ஓடுகிறேன்’ என்று பொருள்படும் வாசகம் அதில் அச்சிட்டிருக்கும். அதன் கீழே அவரவர் கையெழுத்தில் ஒரு பெயர். சிலர் ‘அம்மா’ என்று மட்டும் எழுதியிருப்பார்கள். சிலருடைய சீட்டில் நாலைந்து பெயர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். புற்றுநோய்க்குப் பலியானவர்களின் பெயர்களும், அந்நோயோடு இன்னும் போராடிக்கொண்டிருப்பவர்களின் பெயர்களும் அவை.

இவ்வோட்டத்தில் முதலில் வந்தவர் யார், கடைசியில் வந்தவர் யார் என்று எவரும் குறித்துக்கொள்வதில்லை. பரிசு கிடையாது, கோப்பை கிடையாது. கட்டாயக் கட்டணமும் கிடையாது. அவரவர் மனமுவந்து கொடுப்பதும், அக்கம்பக்கத்தாரிடம் கேட்டு வாங்கி வருவதுமே வசூல். இப்படிச் சேர்ந்த பணம் 1980-ம் வருஷம் முதல் 85 கோடி டாலருக்கு மேலாகிவிட்டது. அவ்வளவும் புற்றுநோய் ஆராய்ச்சிக்கென்று ஒதுக்கப்பட்டது. இதற்கெல்லாம் காரணமாயிருந்தவர் ஒற்றைக்காலுடன் ஓடிய ஒரு வாலிபர். அவர் இருபத்து மூன்று வயதுகூடப் பூர்த்தியாகாமல் காலஞ்சென்றார். டெரி பாக்ஸ் என்பது அவர் பெயர்.

தேச விவகாரங்கள் எத்தனையோ காத்துக் கிடக்க, அயல்நாட்டு ஓட்டப் பந்தயத்தைப் பற்றித் தலையங்கப் பக்கத்தில் எழுதுவானேன் என்று நமது நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். நேயர்கள் நம்மோடு இன்னும் சற்று நடந்து வந்தால் காரணம் விளங்கும். நம் நாட்டிலும் இப்பொழுது தர்மத்தின் பெயரால் ஓடும் வழக்கம் வேரூன்றிவிட்டது. சென்னையிலும் பம்பாயிலும் வருஷந்தோறும் ஆயிரக்கணக்கானவர் ஓடுகிறார்கள். இறந்துபோன தகப்பனார் நினைவாகவும், அகாலத்தில் மாண்ட நண்பர் நினைவாகவும் ஓடி நிதி திரட்டுபவர்கள் நம்மிடையே பெருகியிருக்கிறார்கள். இது வெறும் மேனாட்டு மோகம் என்று ஒரு சாரார் பரிகசிக்கின்றனர். வேறொரு சாரார் இதைச் சரியான சமயமென்று கண்டு கடைவிரிக்கத் தொடங்கியிருக்கின்றனர். இந்த இரு சாராருக்கும் சில வார்த்தைகள் சொல்லவேண்டியிருக்கிறது.

முதலில் பரிகாசம் செய்பவர்களைப் பார்ப்போம். இறந்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விடுவது நம் வழக்கம். அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு ஓடுவது என்ன வழக்கம் என்பது அவர்கள் கேள்வி. தமிழ்நாட்டுப் பழைய பாட்டைகளில் நடந்து போனவர்களுக்குச் சுமைதாங்கிக் கல் தெரிந்திருக்கும். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமைக்காரன் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறி, மீண்டும் தானே தலையில் ஏற்றிக்கொண்டு போகலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவளுடைய வீட்டார் அதை நாட்டுவது வழக்கம். இறக்கி வைக்க முடியாத பாரத்தோடு போய்விட்டாளே என்ற துக்கம், முன்பின் அறியாத வழிப்போக்கனின் பாரத்தை இறக்கிவைக்கும் கல்லாயிற்று. நாம் அறிந்தவரையில் இதைவிட உயர்ந்த ஞாபகச் சின்னம் எத்தேசத்திலும் இல்லை. தண்ணீர்ப் பந்தலும், சாவடியும், அன்னசத்திரமும் இந்த வம்சத்தைச் சேர்ந்தவையே. ஆகவே மாண்டவர் பெயரால் பிறர் துயரைக் குறைப்பது நமக்குப் புதிதல்ல. இப்பொழுது அது வேறு உருவில் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

உருவம் மேனாட்டினுடையது என்பது உண்மையே. மராத்தான் என்ற பெயர் கிரேக்க தேசத்துப் போர்க்களம் ஒன்றினுடையது. அதன் தூரம் 42 கிலோமீட்டர் 195 மீட்டர் என்று இன்று உலகமெங்கும் நிர்ணயமாகியிருக்கிறது. இந்த விசித்திரமான கணக்கு எப்படி வந்ததென்றால், 1908-ம் வருஷம் லண்டனில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில் ஓட்டம் வின்ஸர் அரண்மனையில் ஆரம்பித்து, மைதானத்தில் அரச குடும்பத்தார் அமர்ந்திருந்த ஆசனத்துக்கு முன்னால் முடியவேண்டுமென்று ஏற்பாடு செய்தார்கள். அந்தத் தூரமே பின்னர் 1921-ல் பிரமாணமாக்கப்பட்டது. ராஜ குடும்பத்தின் சௌகரியத்துக்காக உலகத்து ஏழை ஓட்டக்காரர்களெல்லாம் இன்றுவரை மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்! ஏகாதிபத்தியம் விட்டுச்சென்ற தொல்லைகளில் இதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். நிற்க.

டெரி பாக்ஸ் 1958-ம் வருஷம் ஜூலை மாதம் 28-ந் தேதி வின்னிபெக் நகரத்தில் பிறந்தவர். வளர்ந்தது மேற்குக் கடற்கரையிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில். கலாசாலையில் படித்துக்கொண்டு கூடைப்பந்து ஆடிவந்த அவருக்கு வலது முழங்காலில் வலி கண்டது. 1977-ம் வருஷம் மார்ச் மாதத்தில் வைத்தியர்கள் அதை எலும்புப் புற்று என்று கண்டு, முழங்காலுக்கு மேல் சுமார் ஆறு அங்குலம் விட்டுக் காலைத் துண்டித்துவிட்டார்கள். அப்பொழுது அவருக்கு வயது 18. பிழைப்பதற்கு நூற்றுக்கு ஐம்பது பங்கு இடமுண்டு என்று வைத்தியர்கள் சொன்னார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே வியாதி கண்டிருந்தால் அது நூற்றுக்குப் பதினைந்து பங்காகத்தான் இருந்திருக்கும் என்றும் அவருக்குத் தெரியவந்தது. பதினைந்து எப்படி ஐம்பதாயிற்று? யாரோ முகமறியாத மனிதர்கள் ஏதோ ஆராய்ச்சிச் சாலைகளில் உட்கார்ந்து உழைத்ததனால் ஆயிற்று. அவர்களுக்கு யாரோ முகமறியாதவர்கள் பணம் கொடுத்ததனால் ஆயிற்று. இந்தக் கணக்கு அவ்வாலிபரின் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது.

காலை எடுப்பதற்கு முந்திய இரவு, ஒற்றைக் காலுடன் நியூயார்க் மராத்தானை ஓடி முடித்த டிக் டிராம் என்பவரைப் பற்றிய கட்டுரை ஒன்றை அவருடைய பள்ளிக்கூடத்துப் பந்தாட்ட ஆசிரியர் கொண்டுவந்து கொடுத்தார். பின்னர் பதினாறு மாத காலம் கொடிய மருந்துகளைச் செலுத்திச் சிகிச்சை நடந்தது. அந்த விடுதியில் அவர் தம் வேதனையைக் காட்டிலும் பிறர் வேதனையையே அதிகம் கண்டார். தம்மைப் போன்ற சிறுவர்களும் வாலிபர்களும் பக்கத்துப் படுக்கைகளில் வாடுவதையும், சிலர் திரும்பி வராமலே போய்விடுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். தாம் மட்டும் வெளியே வந்தபொழுது அவர்களுக்குக் கடன்பட்டவராகவே வந்தார். கானடா தேசம் முழுவதையும், கிழக்குக் கடலிலிருந்து மேற்குக் கடல்வரை, ஓடிக் கடந்து நிதி திரட்டுவதென்று சங்கற்பம் செய்துகொண்டார். ஒன்றேகால் வருஷம்போலப் பழகினார். 1979-ல் பிரின்ஸ் ஜார்ஜ் என்ற ஊரில் நடந்த ஒரு பந்தயத்தில் ஓடிப் பார்த்தார். எல்லாருக்கும் கடைசியில் வந்தார். ஆனால் ஓடி முடித்தார்.

1980-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 12-ந் தேதி, நியூபவுண்ட்லாந்தின் செயிண்ட் ஜான்ஸ் துறைமுகத்தில் தம் பொய்க்காலை அட்லாண்டிக் சமுத்திரத்தின் ஜலத்தில் நனைத்துக்கொண்டு புறப்பட்டார். அந்தக் கடல் ஜலத்தைப் புட்டியில் மொண்டு வைத்துக்கொண்டார். பசிபிக் சமுத்திரத்தில் கொண்டுபோய் ஊற்றுவதாக எண்ணம். இராமேசுவரத்து மணலைக் காசிக்கும் காசித் தீர்த்தத்தை இராமேசுவரத்துக்கும் சுமக்கும் நம்மவர்களுக்கு இதன் பொருளை நாம் விளக்கவேண்டியதில்லை. டக் ஆல்வர்ட் என்ற நண்பர் ஒரு வண்டியை ஓட்டிக்கொண்டு கூட வந்தார். வேறு பரிவாரம் இல்லை. பின்னால் தம்பி டாரல் வந்து சேர்ந்துகொண்டார்.

நாளொன்றுக்கு ஒரு முழு மராத்தான் தூரம் ஓடவேண்டுமென்பது திட்டம். விடியற்காலையில் இருட்டிலேயே ஓட்டம் தொடங்கிவிடும். ஆரம்ப நாட்களில் சூறைக்காற்றும், மழையும், பனியும். அக்காலத்துப் பொய்க்கால் ஓடுவதற்கென்று செய்யப்பட்டதல்ல, நடப்பதற்கென்று செய்யப்பட்டது. ஒவ்வொரு முறையும் அது தரையில் ஊன்றி மீளும் வரையில் நல்ல காலால் இரண்டு முறை எம்ப வேண்டியிருந்தது. ஆகையால் பார்ப்பவர்களுக்கு அது ஓட்டமாகவும் தெரியாது, நடையாகவும் தெரியாது. துண்டித்த இடம் உராய்ந்து புண்ணாகி இரத்தம் கசியும். அதைப் பார்க்கச் சகிக்காமல் ஓய்வெடுக்கச் சொன்னவர்களுக்கு அவர் செவிசாய்க்கவில்லை.

வழியிலே போர்ட்-ஓ-பாஸ்க் என்று ஓர் ஊர். பதினாயிரம் பேர் வசிக்கும் சிறு ஊர். அங்கே பதினாயிரம் டாலர் சேர்ந்தது. தலைக்கு ஒரு டாலர்! இவ்வூரார் கொடுத்ததே பின்னால் தேசம் முழுவதற்கும் அளவுகோலாயிற்று. ஆனால் எல்லா ஊரும் அந்த ஊராக இல்லை. கியூபெக் மாகாணத்தில் பேசப்படுவது பிரெஞ்சு. ஓடியவருக்கும் வண்டியோட்டிய நண்பருக்கும் அது தெரியாது. வந்த காரியம் இன்னதென்று சொல்லவே வழியில்லாமல், வேகமாக வரும் மோட்டார்களால் பாட்டையோரத்துக்குத் தள்ளப்பட்டு, வசூல் மிகச் சொற்பமாக, மனஸ்தாபத்தோடு அம்மாகாணத்தைக் கடந்தார்கள். ஜனங்களின் பாஷையில் பேசாத பிரசாரம் எவ்வளவு உத்தமமானதாக இருந்தாலும் என்ன கதியடையும் என்பதற்கு இது ஓர் அத்தாட்சி. நமது தொண்டர்கள் கவனிக்கவேண்டிய இடம் இது.

ஒண்டேரியோ மாகாணத்தில் நுழைந்ததும் காட்சி மாறியது. ஜூலை மாதம் 11-ந் தேதி டொரண்டோ நகரத்தில் பதினாயிரம் ஜனங்கள் கூடி வரவேற்றார்கள். அன்று ஒரே நாளில் ஒரு லட்சம் டாலர் சேர்ந்தது. அதன் பின்னர் கிராமங்கள்தோறும் பாட்டையின் இருமருங்கும் ஜனங்கள் காத்து நின்றார்கள். ஆனால் செப்டம்பர் மாதம் 1-ந் தேதி, தண்டர் பே என்ற ஊரை நெருங்கும்பொழுது, நெஞ்சில் வலி கண்டு இருமல் எடுத்தது. பாட்டையோரத்தில் ஜனங்கள் உற்சாகப்படுத்திக்கொண்டு நின்றபடியால், அவர்கள் கண்ணுக்கு மறைவான இடம் வருமட்டும் ஓடிவிட்டுத்தான் வண்டியில் ஏறினார். புற்று இரு நுரையீரல்களுக்கும் பரவிவிட்டதென்று வைத்தியர்கள் கண்டார்கள். அன்றைக்கு 143 நாட்கள், 5,373 கிலோமீட்டர். ஒற்றைக் காலோடு நாளொன்றுக்குச் சராசரி 37 கிலோமீட்டருக்கு மேலாகிறது. பசிபிக் சமுத்திரம் இன்னும் வெகு தூரத்தில் இருந்தது.

ஓட்டம் நின்றது, வசூல் நிற்கவில்லை. ஒரு வாரத்துக்குள் நடந்த ஒரு டெலிவிஷன் நிகழ்ச்சியிலே 1 கோடியே 5 லட்சம் டாலர் சேர்ந்தது. 1981-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் மொத்த வசூல் 2 கோடியே 41 லட்சம் டாலரைத் தாண்டியது. கானடாவின் அப்போதைய ஜனத்தொகையும் ஏறக்குறைய அவ்வளவே. தலைக்கு ஒரு டாலர் என்ற கணக்கு நிறைவேறியதைக் கண்ணால் கண்டபின், அவ்வருஷம் ஜூன் மாதம் 28-ந் தேதி டெரி பாக்ஸ் உயிர் நீத்தார்.

இங்கே இன்னொருவரைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். இஸடோர் ஷார்ப் என்ற ஹோட்டல் முதலாளிக்கு 1978-ல் கிறிஸ்டபர் என்ற மகன் புற்றுநோயால் இறந்துபோனான். அச்சோகம் ஆறுமுன்னரே ஒற்றைக்கால் வாலிபர் ஒருவர் ஓடிவருவதைப் பற்றி அவர் கேள்விப்பட்டார். தமது கம்பெனி மைலுக்கு 2 டாலர் வீதம் கொடுக்குமென்று அறிவித்ததோடு, இன்னும் 999 கம்பெனிகள் அவ்வாறே கொடுக்கவேண்டுமென்று அறைகூவினார். டெரி பாக்ஸ் படுக்கையில் வீழ்ந்த பிறகு, இந்தக் காரியம் நிறைவேறும்வரை வருஷந்தோறும் உமது பெயரால் ஓட்டம் நடக்கும் என்று தந்தி அடித்தவரும் இவரே. அதன்படி 1981-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 13-ந் தேதி முதல் ஓட்டம் நடந்தது. மூன்று லட்சம் பேர் ஓடினார்கள்; 35 லட்சம் டாலர் சேர்ந்தது. மகனை இழந்த தகப்பன் ஒருவர், பிறர் பெற்ற மகனுக்குக் கொடுத்த வாக்கு அது.

இனி, கடைவிரிப்பவர்களிடம் வருகிறோம். டெரி பாக்ஸ் புறப்படும்பொழுது வண்டி கொடுத்தது ஒரு மோட்டார் கம்பெனி. எண்ணெய் கொடுத்தது ஓர் எண்ணெய்க் கம்பெனி. பாதரட்சை கொடுத்தது ஒரு பாதரட்சைக் கம்பெனி. இவற்றையெல்லாம் அவர் ஏற்றுக்கொண்டார். ஆனால் தங்கள் சரக்கைப் புகழ்ந்து பேசவேண்டும் என்ற நிபந்தனையோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஓட்டத்தினால் எவரும், தாம் உட்பட, ஒரு காசுகூட லாபம் அடையலாகாது என்பதில் பிடிவாதமாயிருந்தார். அவர் பெயரால் இன்று நடக்கும் ஓட்டங்களிலும் அவ்விதி அப்படியே காக்கப்படுகிறது. அவருடைய தாயார் பெட்டி பாக்ஸ் 2011-ல் தாம் இறக்கும்வரையில் ஊர் ஊராகச் சென்று மகன் கதையைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்ததோடு, அந்த விதிக்குக் காவலாகவும் இருந்தார். மகனுடைய பெயரை அவர் எவருக்கும் விற்கவில்லை.

இருபத்தோரு வயது வாலிபர் கண்ட இந்த வித்தியாசத்தை நமது சட்டமும் கண்டிருக்கிறது. 1882-ம் வருஷத்திய சொத்து மாற்றுச் சட்டத்தின் 122-வது பிரிவு, தானம் என்பது தன்னிச்சையாகவும் பிரதிபலன் இல்லாமலும் கொடுப்பது என்று வரையறுக்கிறது. பிரதிபலன் உண்டானால் அது கிரயம். வேறு எந்தப் பெயரிட்டு அழைத்தாலும் கிரயமே. மைலுக்கு 2 டாலர் கொடுத்த ஹோட்டல் முதலாளி தானம் செய்தார். சட்டையின் முதுகு முழுவதும் தன் முத்திரையைப் பதித்து, ஓடுபவரின் தாயார் பெயருக்கு ஓர் அங்குல இடம்கூட விடாத வியாபாரி, விளம்பரம் வாங்குகிறான். வாங்கட்டும், வியாபாரம் பாவமல்ல. ஆனால் அதைத் தர்மக் கணக்கில் எழுதச் சொல்லும்பொழுதுதான் நாம் ஆட்சேபிக்கிறோம். இன்று நம் பட்டணங்களில் நடக்கும் ஓட்டங்களில் பதாகை எத்தனை, பந்தல் எத்தனை, பதக்கத்துக்கும் மேளதாளத்துக்கும் ஆன செலவு எத்தனை, கடைசியில் நோயாளிக்குப் போய்ச் சேர்ந்தது எத்தனை என்ற கணக்கை ஓடுபவர்கள் கேட்பதில்லை. கேட்டால் துக்கத்தைக் கொச்சைப்படுத்துவதாக ஆகிவிடுமோ என்று கூசுகிறார்கள். கூச வேண்டியவர்கள் அவர்களல்லர்.

அப்படியானால் ஓட்டம் எதற்கு, பணத்தை நேரே கொடுத்துவிட்டுப் போகலாமே என்று புத்திசாலிகள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஓடுவதனால் ஒரு நோயாளியின் ஜுரம் ஒரு டிகிரியும் இறங்காது. ஆனால் 1930-ம் வருஷத்தை நினைத்துப் பார்க்கவேண்டும். அவ்வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி, டெரி பாக்ஸ் புறப்பட்டதற்கு ஏறத்தாழ சரியாக ஐம்பது வருஷம் முன்னால், ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் சுமார் நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்தார். உப்பு எடுக்க ரயிலில் போயிருக்கலாம். ரயிலில் போயிருந்தால் தஞ்சை ஜில்லாவின் கிராமங்கள் விழித்துக்கொண்டிருக்குமா? அதிகாரிகளின் மிரட்டலையும் மீறி அந்தத் தொண்டர்களுக்கு ஜனங்கள் சோறிட்டது, அவர்கள் கால் நோக நடந்து வந்ததைக் கண்ணால் கண்டதனால். பிரசங்கம் காதோடு நின்றுவிடும். ஒருவன் தன் உடம்பை வருத்திக்கொண்டு நம் வாசலைக் கடந்து போனால், திண்ணையில் சாய்ந்திருப்பவனும் எழுந்து நிற்கிறான், மடியிலிருப்பதை அவிழ்க்கிறான். போர்ட்-ஓ-பாஸ்க் ஊரார் அவிழ்த்ததும் அப்படித்தான்.

ஓடுபவனுக்கும் இதில் ஒரு பயன் இருப்பதை நாம் மறுக்கவில்லை. நெருங்கியவர்களைப் பறிகொடுத்தவர்களுக்குப் பத்தாம் நாள் காரியம், பதின்மூன்றாம் நாள் சுபம் என்று நம் பெரியோர் வேலை கொடுத்து வைத்தார்கள். அதற்குப் பின் வரும் நாட்களில் கை வெறுமையாகிவிடுகிறது. இறந்தவருக்கு இனி மருந்து வாங்கவேண்டியதில்லை. இரவில் விழித்திருக்க வேண்டியதில்லை. செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதே பெரிய துன்பம். ஆறு மாதத்துக்குப் பின் வரும் மராத்தானுக்காக விடியற்காலையில் எழுந்து பழகுகிறவனுக்கு, இறந்தவருக்காகச் செய்ய இன்னும் ஒரு காரியம் மிச்சமிருக்கிறது. உறவினர்களிடம் போய் ‘எங்கள் தகப்பனார் பெயரால் கொடுங்கள்’ என்று கேட்கும்பொழுது அவர்கள் ரூபாயோடு தகப்பனாரைப் பற்றிய நாலு பழைய கதைகளையும் கொடுக்கிறார்கள். இது அற்ப லாபமல்ல.

ஆராய்ச்சிக்குக் கொடுத்த பணம் என்ன ஆயிற்று என்பதையும் பார்க்கவேண்டும். டெரி பாக்ஸுக்கு வந்த எலும்புப் புற்றை, அது உடம்பின் மற்றப் பாகங்களுக்குப் பரவுமுன் கண்டுகொண்டால், இன்று மூன்று பேரில் ஏறக்குறைய இருவர் பிழைக்கிறார்கள். காலைத் துண்டியாமல், கெட்ட எலும்பை மட்டும் எடுத்துவிட்டு உலோகம் வைத்துச் சரிசெய்யும் சத்திர சிகிச்சை இப்பொழுது சாதாரணமாகிவிட்டது. பதினைந்து ஐம்பதாகி, ஐம்பது இவ்வளவாகியிருக்கிறது. தேசத்துக்கு தேசம், வீட்டுக்கு வீடு கொடுத்த சில்லறைக் காசும் சேர்ந்தே இந்த எண்ணிக்கை ஏறியது. அதே சமயம், மூன்றாமவர் இன்னும் மடிகிறார் என்பதையும் மறப்பதற்கில்லை.

தமிழ்நாட்டாருக்கு இக்கதை அந்நியமாகத் தோன்ற நியாயமில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரை அறியாத தமிழர் இலர். 1927-ல் சென்னைச் சட்டசபையில் அமர்ந்து, தேவதாசி வழக்கத்தை ஒழிக்கப் போராடிய அவ்வம்மையார், தம் அருமைத் தங்கையைப் புற்றுநோய்க்குப் பலி கொடுத்தவர். வைத்தியம் படித்த தமக்கை பக்கத்திலிருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அத்துக்கத்தை அவர் முப்பது வருஷ காலம் நெஞ்சிலே சுமந்து திரிந்தார். புற்று வந்தால் சாவுதான், அதற்கொரு தனி ஆஸ்பத்திரி எதற்கு என்று படித்தவர்களே நினைத்த காலம் அது. 1952-ல் ஸ்ரீ ஜவஹர்லால் நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1954-ல், மாதர் இந்திய சங்கத்தின் ஆதரவில், அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி பன்னிரண்டு படுக்கைகளோடு திறக்கப்பட்டது. அவருடைய குமாரர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் வந்து சேர்ந்து 2021-ல் காலமாகும்வரை அதையே தம் வீடாகக் கொண்டிருந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். ஏழை நோயாளிகள் ஆயிரக்கணக்கில் அங்கே இலவசமாகவும் குறைந்த செலவிலும் சிகிச்சை பெற்றிருக்கிறார்கள். ஒரு தங்கைக்காக நட்ட சுமைதாங்கி அது.

இன்னொரு சங்கதியும் உண்டு. இந்தியாவில் முதன்முதலாகக் கோபால்ட் கதிர்களால் புற்றைச் சுட்டெரிக்கும் யந்திரம் நிறுவப்பட்டது இந்த அடையாறு ஆஸ்பத்திரியிலேதான், 1950-களின் பிற்பகுதியில். அந்த யந்திரம் செய்யப்பட்டது கானடா தேசத்திலே. டெரி பாக்ஸ் பிறப்பதற்கு முன்பின்னான காலம் அது. பிற்காலத்தில் அவர் பெயரால் நடக்கும் ஓட்டம் சென்னைக்கும் வந்து, கிண்டியில் ஐ.ஐ.டி. வளாகத்து மரநிழலில் மாணவர்கள் அதை நடத்தினார்கள். அந்த வளாகமும் அடையாறு ஆஸ்பத்திரியும் ஒரே சர்தார் பட்டேல் சாலையைச் சேர்ந்தவை. நடந்து போனால் அதிக தூரமில்லை.

ஆகவே ஓட்டம் நடத்துபவர்களிடம் நாம் கேட்பது இவ்வளவே. இறந்தவர் பெயரால் வசூலிக்கும் பணத்துக்கு, ஓட்டம் முடிந்த ஒரு மாதத்துக்குள், வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, ஆஸ்பத்திரிக்குச் செலுத்தியது இவ்வளவு என்று தணிக்கை செய்த கணக்கைப் பத்திரிகைகளில் வெளியிட வேண்டும். இடம் கொடுக்க நாம் சித்தமாயிருக்கிறோம், காசு கேட்கமாட்டோம். கம்பெனிகள் கொடுப்பதை வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது கொடுங்கள், நன்றி சொல்லுங்கள், சட்டையை மட்டும் கொடுக்காதீர்கள். ஓடுகிற நேயர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கணக்குக் காட்டாதவர்கள் நடத்தும் ஓட்டத்தில் சேராதீர்கள். அப்படிப்பட்ட ஓட்டந்தான் உங்கள் ஊரில் நடக்கிறதென்றால், நாலு நண்பர்களை அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நீங்களே ஓடுங்கள். ஒரு துண்டுக் காகிதமும் குண்டூசியும் போதும். பெயரை மட்டும் பெரிய எழுத்தில், பின்னால் வருபவருக்குத் தெரியும்படி எழுதிக்கொள்ளுங்கள். சேர்ந்த தொகையைத் திங்கட்கிழமை காலையில் உங்கள் ஜில்லா ஆஸ்பத்திரிக்கோ அடையாற்றுக்கோ நேரே செலுத்திவிட்டு, ரசீதை வாங்கி வீட்டுச் சுவரில் அவர் படத்துக்குக் கீழே மாட்டிவையுங்கள்.